கிரானைட் எங்கே பிறந்தது? துணைக் கனிமங்கள் பற்றிக் கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அடிவாரத்தில் நடந்தால், தண்ணீர் ஓடிய தடத்தில் மணலின் மேல் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். பெரும்பாலோர் அதை அழுக்கு என்று தாண்டிப் போய்விடுவார்கள். மலைப்பாறை உதிர்ந்து, மற்றதெல்லாம் அடித்துக்கொண்டு போன பிறகு, கனமானவை மட்டும் தங்கிய கோடு அது. அந்தப் பாறை எதிலிருந்து உருகி வந்தது என்பதற்கான சாட்சிகள் அதற்குள்தான் இருக்கின்றன.

நான் நிலவியல் படித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி மாணவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் சுற்றுவட்டாரப் பாறைகளுக்கு அழைத்துப் போகிறேன். குவாரியில் வேலை செய்பவர்களும் சில நாள் வந்து சேர்ந்துகொள்வார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

துணைக் கனிமம்னா என்ன மேடம்? ஒரு கல்லுல அது எவ்வளவு இருக்கும்?

கிரானைட்டில் கண்ணுக்குத் தெரிவது குவார்ட்ஸ், இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் மைக்கா அல்லது ஹார்ன்பிளெண்ட். பாறையின் பெயரை முடிவு செய்வது இவைதான். இவற்றுக்கு இடையே பொடிப்பொடியாக, எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் இருப்பவை துணைக் கனிமங்கள். சிர்கான், அபட்டைட், மோனசைட், அல்லனைட், டைட்டனைட், மேக்னடைட், இல்மனைட் ஆகியவை அடிக்கடி வருபவை.

இவ்வளவு சிறியதாக இருந்தும் ஏன் முக்கியம் என்றால், சிர்கோனியம், பாஸ்பரஸ், தோரியம், அருமண் தனிமங்கள் போன்றவை ஃபெல்ட்ஸ்பாருக்குள்ளோ குவார்ட்ஸுக்குள்ளோ எளிதில் இடம் பிடிக்க முடியாது. சாதாரண கிரானைட்டில் சிர்கோனியம் பத்து லட்சத்தில் நூறு, இருநூறு பங்குதான். அந்தக் கொஞ்சமும் தனக்கென்று ஒரு படிகத்தைக் கட்டிக்கொள்கிறது. எந்தப் படிகத்தைக் கட்டுவது என்பது பாறைக்குழம்பின் (மாக்மாவின்) சூடு, அதிலிருந்த கால்சியம், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவற்றைப் பொறுத்தது. குழம்பு எப்படிப்பட்டது என்ற செய்தி இப்படித்தான் அந்தச் சிறு படிக மணியில் பதிகிறது.

கலரைப் பார்த்தே வகை சொல்லிடலாமே? ரெட், கிரே, பாரடைசோன்னு நாங்க அப்படித்தான் பிரிக்கிறோம்.

விற்பனைக்கு அது போதும். பிறப்பைச் சொல்ல உதவாது. இங்கே வெட்டுகிற பாரடைசோ, பாதி உருகி மடிந்து நெளிந்த நைஸ், அதாவது பூமிக்குள் சூட்டாலும் அழுத்தத்தாலும் மாறி வரிவரியான பாறை. ‘பிளாக் கிரானைட்’ என்று விற்பது பெரும்பாலும் டோலரைட், சிலிக்கா குறைந்து இரும்பு மிகுந்த கருங்குழம்பு உறைந்த கல். அது கிரானைட்டே கிடையாது. ஃபெல்ட்ஸ்பாரின் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகளால் வருவது. ஒரே குழம்பிலிருந்து வந்த கல் ஓரிடத்தில் சாம்பலாகவும் இன்னோரிடத்தில் சிவப்பாகவும் இருக்கலாம்.

ஐ வகை, எஸ் வகை, ஏ வகைன்னு புத்தகத்துல வருதே, அது என்ன?

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் லாக்லன் என்ற மலைப்பகுதியின் கிரானைட்டுகளைப் பார்த்து, 1974-இல் சாப்பல், வைட் என்ற இருவர் செய்த பிரிவு இது. பூமிக்குள் உருகியது பழைய தீப்பாறையாக (இக்னியஸ், குழம்பு உறைந்த பாறை) இருந்தால் ஐ வகை, களிமண் போன்ற படிவாக (செடிமென்டரி) இருந்தால் எஸ் வகை. அந்தச் சொற்களின் ஆங்கில முதலெழுத்துகள்தான் இவை. 1979-இல் லாயிசெல், வோன்ஸ் இருவரும் ஏ வகையைச் சேர்த்தார்கள். சோடியம், பொட்டாசியம் என்ற காரங்கள் மிகுந்த, நீர் குறைந்த, மலையாக்கம் நடக்காத இடங்களில் வரும் கிரானைட் என்று அதை அடையாளம் காட்டினார்கள்.

ஐ-க்கும் எஸ்-க்கும் நடுவே உள்ள வேறுபாடு மழையில் தொடங்குகிறது. பாறை மக்கும்போது சோடியமும் கால்சியமும் தண்ணீரில் கரைந்து கடலுக்குப் போய்விடும். அலுமினியம் கரையாது, களிமண்ணிலேயே தங்கிவிடும். அந்தக் களிமண் புதைந்து, இறுகி, பிறகு உருகினால் குழம்பில் அலுமினியம் மிகுதியாகவும் கால்சியம் குறைவாகவும் இருக்கும். அலுமினியத்தை, கால்சியம், சோடியம், பொட்டாசியம் மூன்றின் கூட்டால் வகுத்து வரும் எண் 1.1-ஐத் தாண்டினால் எஸ் வகையாக இருக்கலாம் என்பது அவர்கள் வைத்த கோடு. ஒருமுறை மழையில் நனைந்து மக்கிய நினைவைக் கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் வைத்திருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

எந்த மணி இருந்தா எந்த வகை? சுருக்கமா ஒரு பட்டியல் குடுங்களேன்.

பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்வு எழுதலாம், பாறையில் தடுமாறுவோம். கால்சியம் எங்கே போகிறது என்று மட்டும் பின்தொடர்ந்தால் பட்டியல் தானாக வந்துவிடும்.

டைட்டனைட் என்பது கால்சியம், டைட்டானியம், சிலிக்கா சேர்ந்தது. தேன் நிறத்தில், இரண்டு முனையும் கூரான ஆப்பு போல இருக்கும். நல்ல கல்லில் லென்ஸ் இல்லாமலே தெரியும். இது உண்டாகக் குழம்பில் கால்சியம் வேண்டும், ஆக்சிஜனும் ஓரளவு தாராளமாக இருக்க வேண்டும். ஆகவே ஹார்ன்பிளெண்டோடும் மேக்னடைட்டோடும் சேர்ந்து டைட்டனைட் வந்தால் மனம் ஐ வகைப் பக்கம் சாயலாம். கால்சியமும் ஆக்சிஜனும் குறைந்த குழம்பில் டைட்டானியம் இரும்போடு சேர்ந்து இல்மனைட்டாகிவிடும். அருமண் தனிமங்களின் கதையும் இதேதான். கால்சியம் இருந்தால் அவை அல்லனைட்டில் குடியேறும், இல்லாவிட்டால் பாஸ்பரஸோடு சேர்ந்து மோனசைட் ஆகும். மோனசைட்டோடு, அலுமினியம் மிகுந்த கனிமங்களான கார்னெட், கார்டியரைட், வெள்ளை மைக்கா ஆகியவையும் இருந்தால் எஸ் வகையை நினைக்கலாம்.

அபட்டைட் கொஞ்சம் நுட்பமானது, ஏனென்றால் அது எல்லா வகையிலும் இருக்கும். இருக்கிறதா என்பதைவிட எப்போது உண்டானது என்று கேட்க வேண்டும். அலுமினியம் மிகாத குழம்பில் பாஸ்பரஸ் அதிகம் கரையாது. அபட்டைட் சீக்கிரமே படிந்துவிடும், படிகங்கள் பிரிந்து பிரிந்து குழம்பு முதிர முதிர பாஸ்பரஸ் குறைந்துகொண்டே வரும். அலுமினியம் மிகுந்த குழம்பில் பாஸ்பரஸ் நிறையக் கரையும், கடைசி வரை தங்கும், சில சமயம் ஃபெல்ட்ஸ்பாருக்குள்ளும் நுழையும். எஸ் வகை அபட்டைட்டில் மாங்கனீசும் பொதுவாக அதிகம். அப்புறம் இன்னொன்று: அபட்டைட் ஊசி ஊசியாக மெலிந்திருந்தால் குழம்பு திடீரென்று குளிர்ந்திருக்கிறது என்று பொருள். சூடான கருங்குழம்பு ஒன்று குளிர்ந்த கிரானைட் குழம்புக்குள் பாய்ந்து கலந்த இடங்களில் இந்த ஊசிகளைப் பார்க்கலாம்.

காந்தம் ஒட்டுதான்னு பார்த்தாலே போதும்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

பாதி நிஜம். ஜப்பானின் இஷிஹாரா 1977-இல் கிரானைட்டுகளை மேக்னடைட் வரிசை, இல்மனைட் வரிசை என்று இரண்டாகப் பிரித்தார். முதலாவதில் மேக்னடைட் போன்ற இரும்பு ஆக்சைடுகள் நூற்றில் 0.1 முதல் 2 பங்கு வரை இருக்கும். இரண்டாவதில் 0.1-க்கும் குறைவு. நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தம் முதல் வகைக் கல்லின் பக்கம் மெல்லச் சாயும், இரண்டாவதன் அருகே அசையாது. இதிலிருந்து குழம்பு எவ்வளவு ஆக்சிஜனோடு இருந்தது என்று தெரிகிறது. கரிமம் கலந்த சேற்றுப் படிவு உருகினாலோ, குழம்பு அதன் வழியே ஏறி வந்தாலோ அந்தக் கரிமம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். பிறகு மேக்னடைட் வராது.

ஆனால் இதுவே ஐ, எஸ் பிரிவு ஆகிவிடாது. எஸ் வகை பெரும்பாலும் இல்மனைட் வரிசையில் விழும். ஐ வகை இரண்டிலும் விழும். காந்தம் சாயாததை வைத்து மட்டும் எஸ் வகை என்று எழுதிவிடாதீர்கள்.

செய்முறையில் இரண்டு எச்சரிக்கை. வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பில் மேக்னடைட் துருவேறி ஹெமடைட்டாக மாறியிருக்கும், காந்தம் ஏமாற்றும். புதிதாக உடைத்த முகத்தில் பாருங்கள். இன்னொன்று, குவாரியில் துளையிட்ட தூளை எடுக்காதீர்கள். கம்பியும் உளியும் தேய்ந்த இரும்பு அதில் கலந்திருக்கும். ஆரம்பத்தில் நான் அப்படி எடுத்த தூளை நம்பி ஒரு கல்லைத் தவறாக எழுதி வைத்தேன். பல மாதம் கழித்து, நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அது கனிமம் அல்ல, சுருண்ட இரும்புச் சீவல் என்று புரிந்தது.

ஏ வகையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சூடும் ஃப்ளூரினும் அதன் அடையாளம். ஃப்ளூரைட் படிகம், இரும்பு மிகுந்த மைக்கா, சோடியம் மிகுந்த நீலச்சாயல் ஆம்பிபோல், நிறைய சிர்கான் ஆகியவை சேர்ந்து வந்தால் கவனியுங்கள். சிர்கோனியம் குழம்பில் எவ்வளவு கரையும் என்பது சூட்டைப் பொறுத்தது. வாட்சன், ஹாரிசன் இருவரும் 1983-இல் அதைச் சோதனையால் அளந்து கணக்காக்கினார்கள். பாறையிலுள்ள சிர்கோனியத்தின் அளவைக் கொண்டு குழம்பின் சூட்டை மதிப்பிட அந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. 800 டிகிரி செல்சியஸுக்கு மேலே நன்றாகப் போனால் வெளியிலிருந்து, பெரும்பாலும் கீழேயிருந்து ஏறிய கருங்குழம்பிலிருந்து, சூடு வந்திருக்க வேண்டும் என்று யோசிக்கலாம்.

எல்லாரும் சிர்கான், சிர்கான்னே சொல்றாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

அது அழிவதில்லை. மக்கினாலும், ஆற்றில் உருண்டாலும், படிவில் புதைந்தாலும், அந்தப் படிவே உருகினாலும் சிர்கான் பெரும்பாலும் தப்பிவிடும். மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பு அவ்வளவு சூடில்லை என்றால் பழைய சிர்கான் முழுதும் கரையாது. கரையாத பழைய மணியைச் சுற்றிப் புதிய படிகம் வளரும். வெட்டிப் பார்த்தால் உள்ளே பழைய கரு, வெளியே புதிய உறை. கிரானைட்டின் வயது உறையில் இருக்கிறது. அது எந்தப் பாறையை உருக்கி வந்தது என்பது கருவில் இருக்கிறது. ஒரே கல்லில் வெவ்வேறு வயதுள்ள பல கருக்கள் கிடைத்தால், பல மலைகளிலிருந்து மணல் வந்து சேர்ந்த ஒரு படிவு உருகியிருக்கிறது. எஸ் வகைக்கு இதைவிட நல்ல சாட்சி குறைவு.

வயது தெரிவது எப்படி என்றால், சிர்கான் வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பிறகு உள்ளே இருக்கும் ஈயம் ஏறக்குறைய எல்லாமே யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238-க்கு அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 447 கோடி ஆண்டு, 235-க்கு சுமார் 70 கோடி. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம் ஓடுகிறது, இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். பூமியிலேயே பிறந்தவற்றில் இதுவரை கிடைத்த மிகப் பழைய மணி, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான்தான். வயது சுமார் 440 கோடி ஆண்டு.

சிர்கானோட வடிவத்தை வைச்சே மாக்மாவைச் சொல்லலாம்னு படிச்சேனே?

பியூப்பான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1980-இல் வகுத்த முறை அது. தூண் முகங்களில் எது பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பதிலிருந்து சூட்டையும், முனைக் கூம்பின் முகங்களிலிருந்து அலுமினியம், காரத்தன்மை ஆகியவற்றின் விகிதத்தையும் படிக்கலாம் என்றார். அழகான முறைதான். ஆனால் யுரேனியம் போன்ற கலப்புகளும், குழம்பு எவ்வளவு வேகமாக வளரவிட்டது என்பதும் வடிவத்தை மாற்றுகின்றன என்று பிறகு தெரிந்தது. துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

லேப் இல்லாம நாங்களே பார்க்க முடியுமா?

முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரே பாறையிலிருந்து உதிர்ந்த மணலை அந்தப் பாறையின் காலடியிலேயே எடுங்கள். கே.ஆர்.பி. அணைப் பக்கம் தென்பெண்ணை மணலை எடுத்தால் பயனில்லை. அந்த ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து வழியெல்லாம் எத்தனையோ பாறையை அரைத்துக்கொண்டு வருகிறது. எடுத்த மணலை அகன்ற தட்டில் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி, மேலே வருவதைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, அது போய்விடும். 4.6-க்கு மேலுள்ள சிர்கானும் 5-ஐ ஒட்டிய மோனசைட்டும் மேக்னடைட்டும் அடியில் தங்கும். 3.2 உள்ள அபட்டைட்டும் 3.5 உள்ள டைட்டனைட்டும் அவசரப்பட்டால் கைநழுவிவிடும்.

காய்ந்த பிறகு காந்தத்தை பாலித்தீன் தாளில் சுற்றி மேலாக நகர்த்தினால் மேக்னடைட் பிரிந்து வரும். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். இப்போது கிடைக்கிற நியோடிமியம் காந்தம் இல்மனைட்டையும் சேர்த்து இழுத்துவிடும், முதலிலேயே அதை வைத்தால் குழப்பம்தான். மிச்சத்தை வெள்ளைத் தாளில் பரப்பிப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மணிகள் பாறைக்குள் எது முன்னால் எது பின்னால் வந்தது என்று பார்க்க மட்டும், 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலும் நுண்ணோக்கியும் தேவை.

மோனசைட்டுல தோரியம் இருக்குன்னா, வீட்டுல கிரானைட் போட்டா ஆபத்தா?

கிரானைட்டில் கொஞ்சம் இயற்கைக் கதிர்வீச்சு உண்டு. மோனசைட், சிர்கான் ஆகியவற்றிலிருந்தும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரிலிருந்தும் வருவது. இந்தக் கனிமங்கள் கல்லில் இருக்கும் அளவு மிகக் குறைவு என்பதை முதல் கேள்வியிலேயே பார்த்தோம். சமையலறை மேடைக்கோ தரைக்கோ போட்ட பலகையால் பொதுவாகப் பயப்பட ஒன்றும் இல்லை, வீட்டில் காற்றோட்டம் இருந்தால் நல்லது. அந்தக் கதிர்வீச்சைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. சீவலில் பயோட்டைட் மைக்காவுக்குள் ஒரு சிர்கான் மணி உட்கார்ந்திருந்தால் அதைச் சுற்றிக் கருவளையம் இருக்கும். பல கோடி ஆண்டு அந்த மணி மைக்காவைச் சுட்ட தழும்பு அது. முதல்முறை பார்க்கிற மாணவர்கள் நுண்ணோக்கியை விட்டு நகரவே மாட்டார்கள்.

நம்ம ஊர்ப் பாறையில டைட்டனைட்டே காணோம். அப்போ இதெல்லாம் எஸ் வகையா?

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இதுவரை சொன்ன விதிகள், குழம்பிலிருந்து உறைந்தபடியே இருக்கும் கிரானைட்டுக்கு. நம் பாறைகள் உறைந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. ஓசூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே வர வர, பாறைகள் பூமிக்குள் மேலும் மேலும் ஆழத்தையும் சூட்டையும் பார்த்திருக்கின்றன. கிருஷ்ணகிரியை ஒட்டி அந்தச் சூட்டில் உண்டாகும் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் வகைக் கனிமம் தலைகாட்ட ஆரம்பிக்கிறது. தருமபுரி தாண்டிச் சேர்வராயன் மலை வரை எண்ணெய் தடவியது போல் பச்சைக்கறுப்பாக இருக்கும் சார்னோக்கைட் அதன் முற்றிய நிலை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து ஹாலந்து என்ற நிலவியலாளர் இட்ட பெயர் அது. சென்னைப் பக்கம் பல்லாவரத்திலும் அதே கல் கிடைக்கிறது.

அந்தச் சூட்டில் டைட்டனைட் நிலைக்காமல் இல்மனைட்டாகவும் மற்றவையாகவும் பிரிந்துபோவது வழக்கம். அல்லனைட்டும் மாறலாம். மோனசைட் அப்போது புதிதாகவே பிறந்திருக்கலாம். ஆகவே இங்கே ஒரு கனிமம் இல்லாதது பாறையின் பிறப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. சிர்கான் உறையிலும் இதே சிக்கல்: வெளி உறை குழம்பில் வளர்ந்ததா, பின்னால் சூட்டில் வளர்ந்ததா என்று பார்க்க வேண்டும். உறையிலுள்ள தோரியத்தின் அளவு யுரேனியத்தின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் பின்னால் வளர்ந்தது என்று பலரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதிகச் சூட்டைப் பார்த்த பாறைகளில் அந்த விதி அடிக்கடி உடைகிறது. உள்ளே வரி வரியாக வளர்ச்சிக் கோடு இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்ப்பதுதான் வழி.

சரி, அப்போ கிருஷ்ணகிரிக் கல் ஐ வகையா, எஸ் வகையா, ஏ வகையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க.

ஒரு வார்த்தையில் சொன்னால் தப்பாகிவிடும். இங்குள்ள நைஸ் பாறைகளில் பெரும்பகுதி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முந்தையது. வடக்கே கர்நாடகத்தில் ராமநகரத்தின் பழைய பெயரைத் தாங்கிய குளோஸ்பேட் கிரானைட்டும் அதே காலம்தான். ஆஸ்திரேலியாவில் ஐ, எஸ் என்ற பெட்டிகளைச் செய்யப் பயன்பட்ட பாறைகளோ வெறும் 40 கோடி ஆண்டு அளவிலானவை. அந்தப் பழங்காலத்தில் பசால்ட் என்ற எரிமலைக் கருங்கல் ஆழத்தில் உருகி, சோடியம் மிகுந்த டோனலைட் போன்ற பாறைகள் பெருமளவில் வந்தன. தீப்பாறையிலிருந்து வந்ததால் ஐ-க்கு நெருக்கம் என்று சொல்லலாம், ஆனால் அந்தப் பெட்டிக்குள் சரியாக அடங்காது. குளோஸ்பேட்டில் பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மேன்டில் அடுக்கிலிருந்து வந்த குழம்பும் பழைய நைஸ் உருகிய குழம்பும் கலந்திருக்கின்றன. குவாரி குவாரியாக, கல் கல்லாகத்தான் பார்க்க வேண்டும்.

சாமல்பட்டிப் பாறையும் இதோட சேர்ந்ததா?

இல்லை. ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியில் இருப்பவை சயனைட், பைராக்சினைட், அவற்றோடு கார்பனடைட். கார்பனடைட் என்பது கார்பனேட்டே குழம்பாக வந்து உறைந்தது. அதில் அபட்டைட்டும் மேக்னடைட்டும் நிறைய வரும் என்பதற்காக மேலே சொன்ன கிரானைட் விதிகளை அங்கே பொருத்தாதீர்கள். அரூர், ஊத்தங்கரை வரிசையில் சொல்லப்படும் மாலிப்டினமும் குவார்ட்ஸ் நரம்புகளில் வருவது, அது தனிக் கதை.

பிளாக் கிரானைட் டைக்குகளுக்கும், அதாவது விரிசலில் குழம்பு புகுந்து சுவர் போல உறைந்தவற்றுக்கும், தனிக் கடிகாரம். சிலிக்கா குறைவாக இருப்பதால் அங்கே சிர்கானுக்குப் பதிலாக பேடலியைட் என்ற சிர்கோனியம் ஆக்சைடு உண்டாகிறது. பெங்களூரைச் சுற்றிய பெரிய டைக் கூட்டத்துக்கு 237 கோடி ஆண்டு என்று வயது கிடைத்தது அந்தக் கனிமத்திலிருந்துதான்.

ஐ, எஸ் பிரிவே தப்புன்னு இப்போ சொல்றாங்களாமே மேடம்?

தப்பு என்பதைவிட, கோடு அவ்வளவு கூர்மையாக இல்லை என்று சொல்வது சரி. லாக்லனிலேயே, ஐ வகைக்கு உதாரணமாகக் காட்டிய கிரானைட்டுகளின் சிர்கானை 2007-இல் கெம்பும் உடன் ஆய்வாளர்களும் ஆக்சிஜன், ஹாஃப்னியம் ஐசோடோப்புகளால் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களால்) சோதித்தார்கள். மேன்டில் குழம்பில் வளர்ந்த சிர்கானில் கன ஆக்சிஜனின் அளவு, கடல்நீரை ஒப்பிட ஆயிரத்துக்கு 5.3 கூடுதலாக இருக்கும். களிமண்ணாக மக்கிய பொருள் கலந்தால் அந்த எண் ஏறும். ஐ வகை மணிகளிலேயே அது ஏறியிருந்தது. மேன்டில் குழம்பு மேலே வந்து படிவுகளையும் உருக்கிச் சேர்த்துக்கொண்டுதான் அந்த ஐ வகை உருவாகியிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ வகைக் குழம்பு மிகவும் முதிர்ந்து கடைசிச் சொட்டு ஆகும்போது அதில் கால்சியம் தீர்ந்துபோகும். டைட்டனைட் நின்று, மோனசைட்டும் கார்னெட்டும் வரத் தொடங்கும். அந்தக் கடைசிக் கல்லை மட்டும் எடுத்துப் பார்த்தால் அச்சு அசலாக எஸ் வகை மாதிரி இருக்கும். அதனால்தான் ஒரு மலையில் ஒரே ஒரு துண்டை உடைத்து எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். நடுவிலிருந்து ஓரம் வரை குறைந்தது ஐந்தாறு இடத்தில் எடுங்கள், எந்த இடத்துக் கல் எது என்று பையின் மேல் எழுதி வையுங்கள். அவற்றை வரிசையாக வைத்துப் பாஸ்பரஸ் ஏறுகிறதா, இறங்குகிறதா, டைட்டனைட் எந்த இடத்தில் நிற்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.